குடும்பத்துக்காகப் பாட்டை விட்டது யாரு?

புனேவோ, நொய்டாவோ, நம்ம ஆளுங்க நாலு பேர் சேர்ந்தா ஒரு டயலாக் கட்டாயம் வரும். "கல்யாணத்துக்கு முன்னாடி என் வொய்ஃப் சூப்பரா பாடுவா சார். இப்ப எங்க, குடும்பம் குழந்தைன்னு ஆயிடுச்சு." இதைப் பெருமையா வேற சொல்லுவாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

இந்த டயலாக்குக்குத் துணையா சிலர் டெர்ரி கேலியர் கதையை இழுக்கறாங்க. 'பாருங்க, குடும்பத்துக்காக இசையையே துறந்தவர்'னு. அய்யா, கதையை முழுசாப் படிங்க.

கேலியர் 1945ல சிகாகோவில் பிறந்த கறுப்பினப் பாடகர். கிடாரும் கையுமா நாட்டுப்பாடல் பாடிக்கிட்டு இருந்தவரை ஜான் கோல்ட்ரேனோட ஜாஸ் புரட்டிப் போட்டுடுச்சு. 1964ல பதிவான முதல் ஆல்பத்துல கிடாருக்குத் துணையா ரெண்டு டபுள் பேஸ் வச்சுக்கிட்டது அந்தப் பாதிப்புதான். அந்த ஆல்பம் கடைக்கு வந்ததே 1968லதான். எழுபதுகள்ல 'வாட் கலர் இஸ் லவ்' மாதிரி அருமையான ஆல்பங்கள் வந்துச்சு. பாராட்டு கிடைச்சது, பெரிசா காசு வரலை.

1983ல மகளை வளர்க்கற பொறுப்பு அவர்கிட்ட வந்தது. மேடையை விட்டார். கம்ப்யூட்டர் ப்ரோகிராமிங் படிச்சு, சிகாகோ பல்கலைக்கழகத்துல வேலைக்குச் சேர்ந்தார். ஆமாம், நம்ம பொழப்புதான்! ராத்திரிக் கல்லூரியில சமூகவியலும் படிச்சார்.

துறவுக் கதை சொல்றவங்க இந்த இடத்துலயே 'சுபம்' போட்டுடறாங்க. ஆனா கதை முடியலை. அவரோட பழைய ரெக்கார்டுகளை இங்கிலாந்து டிஜேக்கள் தேடிப்பிடிச்சு ஓட்ட ஆரம்பிச்சாங்க. அவரைப் பாடக் கூப்பிட்டாங்க. வேலையை வச்சுக்கிட்டே, ஆபீஸ் லீவுல போய்ப் பாடிட்டு வந்தார். 1998ல வந்த 'டைம்பீஸ்' ஆல்பத்துக்கு, உலக அமைதிக்கான கலைப் பங்களிப்புன்னு ஐ.நா. விருது கிடைச்சது. கூட வேலை பார்த்தவங்களுக்கு அதுவரைக்கும் அவர் பாடகர்னே தெரியாதாம். விஷயம் வெளிய வந்ததும் வேலை போச்சு. பாட்டு போகலை. 2012ல இறந்தார்.

இப்ப சொல்லுங்க, இந்தக் கதையில உங்களுக்கு என்ன சாக்கு இருக்கு?

அவர் விட்டதுக்குக் காரணம், குழந்தையைப் பார்த்துக்க வீட்ல அவர் ஒருத்தர்தான். உங்க வீட்ல ரெண்டு பேர் இருக்கீங்க. விடறதா வேண்டாமான்னு முடிவெடுத்தது அவரே. உங்க வீட்ல அவங்களை யாராவது கேட்டீங்களா? ஆம்பளை ஒருத்தர் பாட்டை விட்டா தியாகம், உலகமே உச்சுக் கொட்டும். பத்து வருஷம் பாட்டு கத்துக்கிட்ட பொண்ணு விட்டா, 'அதெல்லாம் சகஜம் சார்'. நல்ல நியாயம்யா!

பாட்டு மட்டுமில்ல. அபார்ட்மென்ட்ல வேலை செய்யறவங்களோட பிள்ளைகளுக்கு சனிக்கிழமை பாடம் சொல்லித்தர ஆசைப்பட்டா, "முதல்ல நம்ம பையனைக் கவனி". அதே சனிக்கிழமை நீங்க கிரிக்கெட் ஆடப் போனா அது ரிலாக்சேஷன்!

வெளியூர்ல இருக்கோம், உதவிக்கு அம்மா இல்லை, மாமியார் இல்லை, ரெண்டு பேருக்கும் வேலை, டிராஃபிக்லயே உயிர் போகுதுன்னு சொல்றீங்க. வாஸ்தவம், மறுக்கலை. ஆனா அம்மா இருந்தா செய்யற வேலையை இங்க நீங்கதான் செய்யணும். வேற யார் வருவாங்க?

கேலியர் தன் லீவைப் பாட்டுக்குக் கொடுத்தார். உங்க லீவு மச்சினன் கல்யாணத்துக்கும், கிரகப்பிரவேசத்துக்கும், கோவா ட்ரிப்புக்கும் போகுது. வீட்ல பாடறவங்களுக்காக எத்தனை நாள் போட்டீங்க? ஒரு நாள்?

நவராத்திரி வந்தா மட்டும், கொலு பார்க்க வந்தவங்க முன்னாடி "ஒரு பாட்டு பாடேன்"னு கேட்கறீங்க. தொண்டை கட்டினாப்பல ரெண்டு வரி வரும், எல்லாரும் கை தட்டுவாங்க, சுண்டலோட முடிஞ்சுடும். இந்த வருஷம் அதைக் கேட்காதீங்க. அதுக்குப் பதிலா இதைச் சொல்லுங்க: "சனிக்கிழமை காலையில குழந்தையும் சமையலும் என் பொறுப்பு. நீ கிளாசுக்குப் போ."

அதையும் ஒரு வாரத்தோட நிறுத்திடாதீங்க மக்களே!