‘இதுல ஏறாது சார்’... கடையில் சொல்வதை அப்படியே நம்பலாமா?

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் இருக்கும் ஒரு ரிட்டயர்டு வாத்தியார், தன் பழைய லேப்டாப்போடு காவிரிப் பாலம் தாண்டி திருச்சி தில்லை நகருக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் 11 போட வேண்டும். முதல் கடையில், லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் பதில் வருகிறது: "இதுல ஏறாது சார். புதுசு வாங்கிடுங்க." அடுத்த கடையில், "ஃபார்மட் பண்ணிப் போட்டுடலாம் சார். பில் வேணாம்ல?"

இரண்டு பதிலுமே தப்பாக இருக்கலாம்.

ஏன் இந்த அவசரம்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. லேப்டாப் ஓடும், ஆனால், பாதுகாப்பு அப்டேட் தானாக வராது. அதே லேப்டாப்பில் நெட் பேங்கிங் செய்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

உண்மையில் என்ன தேவை?

4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ், செக்யூர் பூட், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, மைக்ரோசாஃப்ட் பட்டியலில் உள்ள பிராசஸர். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறை முதல். பல கம்ப்யூட்டர்களில் டிபிஎம் இருக்கும், பயாஸில் ஆஃப் ஆகியிருக்கும். அதை ஆன் செய்தாலே சில மெஷின்கள் தேறிவிடும். மைக்ரோசாஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ என்ற இலவச ஆப், எது இடிக்கிறது என்று காட்டிவிடும்.

தகுதியுள்ள மெஷினில் ஒரிஜினல் விண்டோஸ் 10 இருந்தால், விண்டோஸ் 11 இலவசம். ஃபார்மட் தேவையில்லை, போட்டோ, ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கும். ஆனாலும் முதலில் பேக்கப் எடுப்பது நல்லது. தகுதியில்லாத மெஷினையும் உடனே தூக்கிப்போட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்து, செட்டிங்ஸை சிங்க் செய்தால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் இலவசமாகக் கிடைக்கும்.

தப்பு யார் மேல்?

கவுன்டரில் நிற்கும் பையன் மேல் மட்டும் இல்லை. விற்கச் சொல்லிக்கொடுத்து, விஷயத்தைச் சொல்லிக்கொடுக்காத கடை மேல்தான். தெரியாததைத் ‘தெரியாது’ என்று சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. ‘முடியாது’ என்று சொன்னால், ஒருவர் தேவையே இல்லாமல் புது லேப்டாப் வாங்குகிறார். கேட்காமல் ஃபார்மட் செய்தால், பேரன் பேத்தி போட்டோக்கள் போய்விடும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பது சேவைக் குறைபாடு. பில் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. புகாருக்கு 1915. தெரியாமல் சொன்னதையும் மறைத்ததையும் பிரித்துக் காட்டுவது கஷ்டம். அதனால், செய்த வேலையை பில்லில் எழுதி வாங்குவது முக்கியம்.

கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எது சப்போர்ட் ஆகல, டிபிஎம்மா பிராசஸரா?" பதில் வரவில்லையா? லேப்டாப்பை மூடிக்கொண்டு ஸ்ரீரங்கம் பஸ் ஏறிவிடலாம்.