பொய்க்கால் குதிரைத்திறன்

"எவ்ளோ வந்துச்சு?"

காரை மாற்றியமைத்து ஓட்டும் கூட்டத்தில், யாராவது டைனோவில் வண்டியை ஏற்றிவிட்டு வந்தால் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான். பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் இதுவே. பதிலாக ஒரு எண் வரும். 140, 165, 210. அந்த எண் வாட்ஸப் ஸ்டேட்டஸ் ஆகும், பின்கண்ணாடியில் ஸ்டிக்கர் ஆகும், வண்டியை விற்கும்போது விலைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எந்த டைனோ, என்ன வெயில், எந்த பெட்ரோல், எந்தத் திருத்தக் கணக்கு என்று கேட்கிறவனுக்குப் பொறாமைக்காரன் என்று பெயர் வந்துவிடும்.

நான் அந்தப் பொறாமைக்காரன் பக்கம். கார்கள்மேல் வெறுப்பு எதுவும் இல்லை. அளவீட்டின்மேல் மரியாதை இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

காஞ்சிபுரம் என்றதும் பட்டும் கோபுரமும்தான் நினைவுக்கு வரும். அதே மாவட்டத்தின் இன்னொரு பக்கத்தைப் பாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை. 1998இல் சான்ட்ரோ வெளிவந்தது அங்கிருந்துதான். அதற்குப் பக்கத்திலேயே 1990இல் திறக்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ரேஸ் டிராக். ஒரகடத்தில் ரெனோ-நிசான், ராயல் என்ஃபீல்டு, கூடவே வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம். இந்தியாவில் காரைச் செய்யவும் சோதிக்கவும் பந்தயம் விடவும் ஒரே மாவட்டத்தில் இவ்வளவு வசதி வேறெங்கே இருக்கிறது என்று யோசிக்கத்தான் வேண்டும். இப்படிப்பட்ட ஊர்ப்பக்கத்திலும் நம் பையன்கள் ஒற்றை எண்ணை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள் என்பதுதான் என் எரிச்சல்.

1

டைனோ என்பது டைனமோமீட்டருக்குச் செல்லப்பெயர். காரின் சக்கரங்களைக் கனமான உருளைகள்மேல் ஏற்றி, பட்டைகளால் இழுத்துக் கட்டி, நின்ற இடத்திலேயே ஓடவிடுவார்கள். உருளையின் எடையும் அளவும் முன்பே தெரியும். அது எவ்வளவு சீக்கிரம் வேகமெடுக்கிறது என்று பார்த்தால், சக்கரத்துக்கு வந்துசேரும் திறனைக் கணக்கிட்டுவிடலாம். இன்னொரு வகை டைனோவில் உருளைக்கு மின்காந்த பிரேக் உண்டு. வேண்டிய வேகத்தில் வண்டியைப் பிடித்துவைத்துச் சுமையேற்றிப் பார்க்கலாம். யோசனை பழையது. 1821இல் காஸ்பார் த ப்ரோனி என்ற பிரெஞ்சுப் பொறியாளர், சுழலும் தண்டைக் கட்டைகளால் இறுக்கிப் பிடித்து, அந்தப் பிடி எவ்வளவு எடையைத் தாங்குகிறது என்று பார்த்துத் திறனை அளந்தார்.

டியூனிங் என்பது, என்னைப்போல மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு உடனே புரியும் வேலை. காரின் ஈ.சி.யூ.வுக்குள் அட்டவணைகள் இருக்கின்றன. இந்தச் சுழற்சியில், இந்தச் சுமையில், எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி, டர்போ எவ்வளவு அழுத்தம் தரவேண்டும் என்று கட்டம் கட்டமாக எண்கள். அவற்றைத் திருத்துவதுதான் ரீமேப். தீப்பொறியைக் கொஞ்சம் முன்னே தள்ளினால் திறன் கூடும். ரொம்பத் தள்ளினால் கலவை கண்ட நேரத்தில் தானாகவே வெடிக்கும். அதுதான் நாக்கிங். அது தொடர்ந்தால் பிஸ்டன் போய்விடும்.

இந்த இடத்தில்தான் டைனோ அருமையான கருவி. சாலையில் உயிரைப் பணயம் வைத்துப் பார்க்கவேண்டியதை ஒரு ஷெட்டுக்குள் திரும்பத் திரும்பப் பார்க்க விடுகிறது. ஒரே வண்டி, ஒரே உருளை, ஒரே நாள்: மாற்றத்துக்கு முன் ஒரு ஓட்டம், பின் ஒரு ஓட்டம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் கோடு எங்கே ஏறுகிறது, எங்கே சரிகிறது என்பதையும் டைனோ நேர்மையாகச் சொல்லும். ஆனால் ஒரு ஊரின் டைனோவில் வந்த எண்ணை இன்னொரு ஊரின் டைனோவில் வந்த எண்ணோடு மோதவிட்டால், அது வெறும் சேவல் சண்டை.

2

வண்டியில் ஒரு ஸ்பேனர்கூடப் படாமல் திறனைக் கூட்டிக் காட்டுகிறேன், கணக்கைக் கவனியுங்கள்.

சக்கரத்தில் 100 குதிரைத்திறன் வந்தது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சினிலிருந்து சக்கரத்துக்கு வருவதற்குள் கியர்பாக்ஸ், ஆக்ஸில், டயர் எல்லாம் கொஞ்சம் தின்னும். எவ்வளவு தின்றது? 15 சதவீதம் என்றால் எஞ்சினில் 118. "இல்ல சார், இந்த வண்டிக்கு 20 சதவீதம் போகும்" என்றால் 125. யாரும் அளக்கவில்லை, ஒரு பெட்டியில் எண்ணைத் தட்டியதோடு சரி. அடுத்து, காற்றின் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்குமான திருத்தம். எஸ்.ஏ.இ. ஜே1349 என்ற முறை 25 டிகிரி வெப்பத்தை அடிப்படையாகக் கொண்டது. எஸ்.டி.டி. என்று மெனுவில் இருக்கும் பழைய முறை இன்னும் குளிர்ந்த காற்றை எடுத்துக்கொள்வதால் சுமார் 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். அதைத் தேர்ந்தெடுத்தால் 125 என்பது 130. கடைசியாக, அலகை எச்.பி.யிலிருந்து மெட்ரிக் பி.எஸ்.ஸுக்கு மாற்றுங்கள், 132.

100 உள்ளே போச்சு, 132 வெளியே வந்துச்சு. நடுவில் 32 பொய்க்கால் குதிரைகள். கரகாட்டக் கூட்டத்தோடு ஆடும் பொய்க்கால் குதிரைக்காவது கீழே மனிதனின் கால் இருக்கிறது.

இதற்குமேல் கைவேலையும் உண்டு. டைனோவின் வெப்பமானியை எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தால், அது கொதிக்கும் காற்றைப் பார்த்து, "ஐயோ பாவம், இந்த வெயிலிலும் இவ்வளவு ஓடுகிறதே" என்று கூடுதல் திருத்தம் போடும். டர்போ வண்டி தன் அழுத்தத்தைத் தானே ஓரளவு சரிசெய்துகொள்ளும். சாதாரண எஞ்சினுக்கான திருத்தத்தை அப்படியே அதற்கும் போட்டால் எண் வீங்கும். முதல் ஓட்டத்தில் எல்லாம் குளிர்ந்திருப்பதால் நல்ல எண் வரும், மூன்றாவதில் இன்டர்கூலர் சூடேறிக் குறையும். எந்த ஓட்டத்தின் காகிதம் உங்கள் கைக்கு வரும் என்று நினைக்கிறீர்கள்? டியூன் செய்யும்போது டேங்க்கில் 100 ஆக்டேன் பெட்ரோல், மறுநாளிலிருந்து சாதாரண பங்க் பெட்ரோல். அந்தப் பங்க் பெட்ரோலிலும் இப்போது 20 சதவீதம் எத்தனால். ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். எரிபொருள் மாறினால் அட்டவணையையும் மறுபடி பார்க்கத்தான் வேண்டும். காகிதத்தில் இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது?

3

"சின்னக் கடைக்காரனை ஏன்ப்பா திட்டறே, கம்பெனிக்காரன் மட்டும் யோக்கியமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கிடையாது.

குதிரைத்திறன் என்ற அலகே விற்பனைக்காகப் பிறந்ததுதான். ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சினை, ஆலையில் குதிரை கட்டி வேலை வாங்கியவர்களிடம் விற்க வேண்டியிருந்தது. இது இத்தனை குதிரைக்குச் சமம் என்று சொல்ல ஓர் அளவு தேவைப்பட்டது. அமெரிக்கக் கார் கம்பெனிகள் 1970களின் தொடக்கம்வரை, சைலன்சர், ஏர் ஃபில்ட்டர் எல்லாம் கழற்றிய எஞ்சினை மேஜைமேல் ஓடவிட்டு அளந்து விளம்பரம் செய்தன. 1972 மாடல்களில் நிகரத் திறனைச் சொல்லும் முறைக்கு மாறியபோது, தொடாத எஞ்சின்களின் எண்கள்கூடச் சரிந்தன. ஜப்பானில் நேர்மாறு: 1989 முதல் 2004 வரை எந்தக் காரும் 280 பி.எஸ்.ஸுக்குமேல் என்று சொல்லக்கூடாது என்று கம்பெனிகளுக்குள் ஓர் எழுதாத ஒப்பந்தம். அதற்குமேல் திறனுள்ள வண்டிகளும் காகிதத்தில் 280 என்றே அடக்கமாக உட்கார்ந்திருந்தன.

எல்லாவற்றையும்விடப் பெரிய டைனோ மோசடியும் கம்பெனி செய்ததுதான். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒரு சிறிய குழு — அதில் அரவிந்த் திருவேங்கடம் என்று நமக்குப் பழகிய மாதிரியான பெயரும் இருந்தது — ஃபோக்ஸ்வாகன் டீசல் கார்களின் டிக்கியில் அளவுக்கருவியை வைத்து கலிஃபோர்னியச் சாலைகளில் ஓட்டிப் பார்த்தது. 2014இல் முடிவு வந்தது. டைனோமேல் சுத்தமாக இருந்த வண்டி சாலையில் அனுமதித்த அளவைப்போலப் பல மடங்கு நைட்ரஜன் ஆக்சைடு கக்கியது. ஒரு மாடலில் 15 முதல் 35 மடங்கு. சக்கரம் சுற்றுகிறது, ஸ்டியரிங் அசையவில்லை என்றால் நாம் டைனோமேல் இருக்கிறோம் என்று காரின் மென்பொருளுக்குத் தெரிந்திருந்தது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்கள். இந்தியாவிலும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைப்பதாகக் கம்பெனி அறிவித்தது.

அப்போது எல்லாரும் காறித் துப்பினோம். இப்போது? கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை அறுத்து எடுத்துவிட்டு, வெறும் பைப்பை வைத்து, ஈ.சி.யூ. எச்சரிக்கை விளக்கைப் போடாமலிருக்க மென்பொருளில் அந்தச் சென்சரின் வாயை மூடி, டீசலாக இருந்தால் புகைக்கரி வடிகட்டியையும் காலிசெய்து, அதற்கு "ஸ்டேஜ் 2" என்று பேர் வைத்துக் காசு கொடுத்து வாங்குகிறோம். கம்பெனி செய்தால் ஊழல், நாம் செய்தால் பேஷன். புகைச் சான்றிதழ் மையத்தில் பெட்ரோல் காரை நிறுத்தி ஐடிலில் விட்டுக் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் பார்க்கிறார்கள்; நைட்ரஜன் ஆக்சைடைப் பார்ப்பதே இல்லை. ஆகவே அங்கேயும் மாட்டப்போவதில்லை. சிக்னலில் பின்னால் பைக்கில் நிற்கும் குழந்தையின் மூக்குதான் இதற்குச் சோதனைச் சாலை.

4

"என் காசு, என் வண்டி, என் எஞ்சின். போனா எனக்குத்தானே போகும்?"

போனால் உனக்குத்தான் தம்பி, எஞ்சினைப் பொறுத்தவரை. ஆனால் டைனோ பிரேக்கை அளப்பதில்லை. 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியைவிட 140இல் போகும் வண்டியிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு இயக்க ஆற்றல் இருக்கிறது. அதை நிறுத்துவது அதே பழைய பிரேக் பேடும் அதே பழைய டயரும். காகிதத்தில் வந்த எண்ணை நிரூபிக்க ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலைக்குத்தான் போவாய். ஷிஃப்ட் முடிந்து சாலையைக் கடக்கும் தொழிலாளி உன் டைனோ காகிதத்தைப் பார்த்ததில்லை.

சரி, சட்டம் என்ன செய்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த மூல விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி 6 மாதம்வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பில், காதுக்குக் கேட்கும் சைலன்சர் மாட்டுகிறது. சத்தமில்லாத மென்பொருள் தப்பிக்கிறது. நல்ல பிரேக் போட்டவனும் வடிகட்டியை அறுத்தவனும் ஒரே கூண்டில் நிற்கவேண்டும் என்றால், பொறுப்பாக வேலை செய்கிற டியூனருக்கு அந்தப் பொறுப்பால் என்ன லாபம்? எல்லாமே திருட்டு என்றால் நல்ல திருட்டு, கெட்ட திருட்டு என்று யார் பார்க்கப்போகிறார்கள்?

ஜெர்மனியில் வண்டியை மாற்றலாம். அங்கீகரிக்கப்பட்ட பரிசோதகரிடம் காட்டி, அவர் சரி என்றால் வண்டியின் ஆவணத்தில் பதியவேண்டும். இங்கே ஒரகடத்தில் தொழில்முறைக் கருவிகள் கம்பெனிகளுக்காக ஓடுகின்றன. கட்டணம் கட்டும் தனிமனிதனின் மாற்றிய காரையும் அங்கே ஏற்றி, திறனையும் புகையையும் பிரேக்கையும் சேர்த்து அளந்து, தேறினால் பதிவுச் சான்றில் ஏற்றும் வழியைத் திறந்துவிட்டால் என்ன? தடை போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வதைவிட அது கடினம். ஆனால் வேலைக்காகும்.

5

அரசு வரும்வரை நாம் என்ன செய்வது? பதில் காஞ்சிபுரத்தின் இந்தப் பக்கத்தில், பட்டுக்கடைத் தெருவில் இருக்கிறது.

கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வரும் ஒரு பெரியம்மாவைக் கவனியுங்கள். கடைக்காரர் சொல்லும் விலையோடு அவர் நிறுத்துவதில்லை. சேலையைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பார்ப்பார். உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடி ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் கோர்வை ஒழுங்காக இருக்கிறதா என்று விரலால் தடவுவார். சரிகையில் சந்தேகம் என்றால், வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் இயந்திரத்தில் வைத்துக் காட்டச் சொல்வார். "நல்ல சரிகைம்மா" என்ற ஒற்றை வார்த்தையை அவர் வாங்கிக்கொண்டு போவதில்லை. இன்ஜினியரிங் படித்த அவருடைய பேரன் டைனோ கடையில் "132 சார்" என்றதும் ஜிபே செய்துவிட்டு வருகிறான்.

காகிதத்தைத் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். திருத்தம் போடாத மூல எண்ணைக் கேளுங்கள். எந்தத் திருத்தமுறை, வெப்பமானி எங்கே இருந்தது என்று கேளுங்கள். மாற்றத்துக்கு முந்தைய ஓட்டமும் பிந்தைய ஓட்டமும் ஒரே தாளில், ஒரே நாளில் வேண்டும். ஒன்று போதாது, அடுத்தடுத்து மூன்று ஓட்டம். காற்று-எரிபொருள் விகிதமும் நாக்கிங் பதிவும் அதே தாளில். எந்த பெட்ரோல் என்று ஒரு வரி. சக்கரத்தின் திறன்தான் அளந்தது. எஞ்சின் திறன் யூகம் என்றால் யூகம் என்றே எழுதட்டும். புகைக்கருவிகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன என்றும் எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.

நல்ல டியூனர்கள் இருக்கிறார்கள். நம்மூர் மே மாத வெயிலையும் கிடைக்கிற பெட்ரோலையும் மனதில் வைத்து, டைனோவில் கிடைத்ததில் கொஞ்சத்தைத் தானே குறைத்து, "இவ்வளவு போதும், வண்டி நாளைக்கும் ஓடணும்" என்று சொல்கிறவர்கள். காகிதத்தில் எண் சின்னதாக இருப்பதால் பக்கத்துக் கடைக்காரனிடம் வாடிக்கையாளரை இழக்கிறவர்களும் அவர்கள்தான். நாம் எண்ணை மட்டும் கேட்கும்வரை அவர்கள் தோற்றுக்கொண்டேதான் இருப்பார்கள். மேலே சொன்ன விவரங்களைத் தரமுடியாது என்கிற கடையில், எவ்வளவு பெரிய எண் வந்தாலும் சரி, வண்டியை உருளைமேல் ஏற்றாமல் திருப்பிக்கொண்டு வாருங்கள்.