மூடியைத் திறக்காத ஏக்கம்

பழைய ரேடியோவைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளுக்கு ஒரு அச்சு உண்டு. மரப்பெட்டி இருக்கும், மஞ்சள் விளக்கு இருக்கும், தாத்தா இருப்பார், கரகரவென்று ஒரு குரல் வரும். கடைசிப் பத்தியில் ரேடியோ பழுதாகிப் பரணுக்குப் போகும். எழுதியவருக்குக் கண் கலங்கும். எனக்கு ஒரே கேள்விதான். ஏன் பழுதானது? இத்தனை கண்ணீருக்கு நடுவில் யாராவது ஒருத்தர் நாலு ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தாரா?

கேலிக்காகக் கேட்கவில்லை. நான் ஓஹையோவில் வசிக்கிறேன். பிழைப்புக்கு மென்பொருள், வாரக்கடைசியில் பழைய சிபி ரேடியோக்களைப் பழுதுபார்க்கிறேன். அந்த மேசையில் உட்கார்ந்து எனக்கு உறுதிப்பட்ட ஒன்றைத்தான் இங்கே சொல்ல வருகிறேன். ஒரு பொருளை நேசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள மறுப்பது நேசம் கிடையாது. அது சோம்பல். அந்தச் சோம்பலில் லாபம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சிபி என்றால் சிட்டிசன்ஸ் பேண்ட். 1958-இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி, 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு சிறு துண்டை சாதாரண ஜனங்களுக்கு ஒதுக்கியது. ஹாம் ரேடியோவுக்குப் போலத் தேர்வு எழுத வேண்டாம், மோர்ஸ் படிக்க வேண்டாம். 23 சேனல்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது, அடுத்த ஆண்டே 55 மைல் வேக வரம்பும் வந்தது. எந்த பங்கில் டீசல் இருக்கிறது, எந்தத் திருப்பத்தில் போலீஸ் நிற்கிறது என்று லாரிக்காரர்கள் ஒருவருக்கொருவர் சிபியில் சொல்லிக்கொண்டார்கள். அங்கிருந்து அது ஒரு காய்ச்சலாக நாடு முழுக்கப் பரவியது. லாரிக்காரர்களின் சிபி பேச்சையே பாட்டாக்கிய ‘கான்வாய்’ 1976 ஜனவரியில் அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கே சிபியில் ஒரு பட்டப்பெயர் இருந்தது: ‘ஃபர்ஸ்ட் மாமா’. கூட்டம் தாங்காமல் 1977 ஜனவரி 1 முதல் சேனல்களை 40 ஆக்கினார்கள். 1983-இல் உரிமம் வாங்கும் நடைமுறையையே கைவிட்டார்கள்.

லாரியில் இருந்தது மொபைல் செட். வீட்டு மேசையில் இருந்தது பேஸ் ஸ்டேஷன். பெரிய பெட்டி, நேரடியாக வீட்டு மின்சாரத்தில் ஓடும், முகப்பில் அகலமான மீட்டர், கூரைமேல் ஆன்டெனா. அந்தப் பெட்டிகள் இன்று கராஜ்களிலும், இறந்தவர் வீட்டுப் பொருட்களை விற்கும் எஸ்டேட் சேல்களிலும், மே மாதம் செனியாவில் நடக்கும் ஹாம்வென்ஷனின் பழம்பொருள் சந்தையிலும் கிடக்கின்றன. பல பெட்டிகளின்மேல் ஒரே சீட்டு ஒட்டியிருக்கும்: வேலை செய்யவில்லை.

‘வேலை செய்யவில்லை’ என்பது ஒரு தகவலே இல்லை. அப்படிச் சொல்லப்பட்ட செட்டில் முதலில் நான் பார்ப்பது, மைக் செருகியிருக்கிறதா என்பதை. அக்காலத்துப் பல சிபி செட்களில் ஸ்பீக்கருக்குப் போகும் வழியே மைக்கில் உள்ள பொத்தான் வழியாகத்தான் போகும். மைக் இல்லையென்றால் செட் ஊமை. எங்கேயோ மைக் தொலைந்துபோனதால் ‘செத்துப்போன’ ரேடியோக்கள் எத்தனையோ! அடுத்தது சிபி, பிஏ என்று இருக்கும் சின்ன சுவிட்ச். அது பிஏ பக்கம் தள்ளியிருந்தால் செட் வெறும் ஒலிபெருக்கி, வெளியிலிருந்து எதுவும் கேட்காது. இரண்டையும் பார்க்க ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷம் கொடுக்கப்படாமல் குப்பைக்குப் போனவற்றை நினைத்தால்தான் எனக்குக் கண் கலங்குகிறது.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. அது ஒரு வாசிப்பு. வாசகர்களான உங்களிடம் இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. செட் எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்று இரண்டு பட்டியல் போட வேண்டும். பெரும்பாலான ஏஎம் செட்களில் கேட்கும் ஒலியைப் பெருக்குவதும், நாம் பேசும்போது குரலை அலையில் ஏற்றுவதும் ஒரே ஆடியோ பகுதிதான். ஆகவே ஸ்பீக்கரில் சத்தமே இல்லை, பொத்தானை அமுக்கினால் அலை போகிறது, ஆனால் குரல் ஏறவில்லை என்றால் இரண்டு நோய் இருப்பதாக நினைக்கக் கூடாது. இரண்டுக்கும் பொதுவான இடத்தில் ஒரே நோய். கேட்பது நன்றாக இருக்கிறது, அனுப்புவது மட்டும் இல்லை என்றால் அந்தப் பொதுவான இடத்தை நிரபராதி என்று விட்டுவிடலாம். துப்பறியும் கதை படித்தவர்களுக்கு இது புதிதா என்ன?

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர் 1970-களின் நடுப்பகுதியைச் சேர்ந்த 23 சேனல் பேஸ் ஸ்டேஷன் ஒன்றைக் கொண்டுவந்தார். 9, 10, 11, 12 ஆகிய நான்கு சேனல்களில் மட்டும் உயிரில்லை. கேட்கவும் இல்லை, அனுப்பவும் இல்லை. மற்ற பத்தொன்பதும் சுத்தம். இதில் 9 அவசர உதவிக்கான சேனல். அவருக்குக் கிடைத்திருந்த ஆலோசனைகள் இரண்டு. ஒன்று, தூக்கிப்போடு. இரண்டு, உள்ளே இருக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை எல்லாம் மாற்று. என்னுடைய தமிழ் நண்பர் ஒருவர்கூடச் சொன்னார்: “அட விடுங்க ப்ரோ, புதுசே சல்லிசா கிடைக்குது. இல்லன்னா மொத்தமா எல்லாத்தையும் மாத்திடுங்க, எதுக்கு மண்டைய உடைச்சுக்கிட்டு?”

மண்டையை உடைத்துக்கொள்வதுதானே விஷயம்! அந்தக் காலத்து 23 சேனல் செட்டில் சேனலுக்கு ஒரு கிரிஸ்டல் அனுப்ப, ஒரு கிரிஸ்டல் கேட்க என்று போட்டால் 46 கிரிஸ்டல் வேண்டும், விலை கட்டுப்படியாகாது. எனவே பொறியாளர்கள் பல செட்களில் 14 கிரிஸ்டல்களை வைத்துச் சமாளித்தார்கள். ஆறு கிரிஸ்டல் ஒரு வரிசை, அனுப்புவதற்கு நான்கு, கேட்பதற்கு நான்கு. ஆறில் ஒன்றும் நான்கில் ஒன்றும் கலந்தால் ஒரு சேனல் கிடைக்கும். ஆறு நான்கு இருபத்து நான்கு. 23 சேனலுக்குப் போக ஒரு கலவை மிச்சம்.

இப்போது நோயைப் படியுங்கள். நான்கில் ஒன்று செத்திருந்தால் 1, 5, 9, 13 என்று நான்கு நான்காகத் தாண்டிச் சேனல்கள் போகும். அதுவும் கேட்பதில் மட்டும் அல்லது அனுப்புவதில் மட்டும். அடுத்தடுத்த நான்கு சேனல்கள், இரண்டு திசையிலும் போயிருக்கிறது என்றால் ஆறில் ஒன்று. முதல் கிரிஸ்டலுக்கு 1 முதல் 4, இரண்டாவதற்கு 5 முதல் 8, மூன்றாவதற்கு 9 முதல் 12. மூன்றாவது கிரிஸ்டல். மூடியைத் திறக்கும் முன்பே இவ்வளவும் தெரிந்துவிட்டது.

திறந்து, பென்சிலின் ரப்பர் முனையால் மூன்றாவது கிரிஸ்டலை மெல்லத் தட்டினேன். 9-ஆம் சேனல் வந்தது, போனது. போர்டைத் திருப்பினால் கிரிஸ்டலின் காலைச் சுற்றி ஈயத்தில் மெல்லிய வளையமாக ஒரு விரிசல். ஐம்பது ஆண்டுச் சூடும் குளிரும் செய்த வேலை. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தேன். ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடு மாட்டி, அலையின் எண்ணை அளந்தேன். அன்றைய விதி அனுமதித்த விலகல் 0.005 சதவீதம், 9-ஆம் சேனலின் 27.065 மெகாஹெர்ட்ஸுக்கு அது சுமார் 1,350 ஹெர்ட்ஸ். செட் அதற்குள்ளேதான் நின்றது. செலவு ஒரு சொட்டு ஈயம்.

எல்லாக் கெப்பாசிட்டரையும் மாற்றியிருந்தால்? ஒரு நாள் முழுக்கப் போயிருக்கும், பணம் போயிருக்கும், பழைய போர்டில் செம்புத்தடங்கள் சில பெயர்ந்திருக்கும். அந்த நான்கு சேனலும் அப்படியேதான் செத்துக் கிடந்திருக்கும். கெப்பாசிட்டரை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஸ்பீக்கரில் 120 ஹெர்ட்ஸ் உறுமல் கேட்டு, பவர் சப்ளையில் அலைவு இருப்பதை மீட்டரும் காட்டினால் ஃபில்டர் கெப்பாசிட்டரை உடனே மாற்றுவேன். அங்கே காரணம் இருக்கிறது. காரணமில்லாமல் மாற்றுவது என்பது, எந்த நோய் என்று பார்க்காமல் கடையில் இருக்கும் எல்லா மாத்திரையையும் விழுங்கச் சொல்வது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவர்கள் மூடியைத் திறப்பார்கள், படிக்க மாட்டார்கள். சிபியில் அனுப்பும் அலைக்கு ஏஎம்மில் 4 வாட் வரம்பு. இவர்கள் கூடுதல் வாட் வேண்டும் என்று உள்ளே இருக்கும் காயில்களின் திருகுகளை மீட்டர் ஏறும் பக்கமெல்லாம் திருகுவார்கள். மீட்டர் ஏறும்தான். ஆனால் கண்டபடி திருகிய செட் 27 மெகாஹெர்ட்ஸோடு அதன் இருமடங்கையும் உமிழும். இருமடங்கு 54. அமெரிக்காவில் 54 முதல் 60 மெகாஹெர்ட்ஸ் வரை தொலைக்காட்சியின் 2-ஆம் சேனல். தன் பெருமைக்காக ஒருத்தர் திருகினால் பக்கத்து வீட்டுத் திரையில் படம் கெடலாம். அறியாமைக்கு அண்டை வீட்டாரும் விலை கொடுக்கிறார்கள்.

எனக்கு அதிகம் கோபம் வருவது மூன்றாவது கூட்டத்தின் மேல். பழைய பெட்டியை வாங்கி, உள்ளே இருப்பதை எல்லாம் வழித்தெறிந்துவிட்டு, ஒரு புளூடூத் போர்டை வைத்து, மஞ்சள் எல்இடி போட்டுக் கூடத்தில் வைப்பவர்கள். விருந்தாளிகள் “செம்மையா இருக்கே, விண்டேஜ்!” என்பார்கள். நம்முடைய ரேடியோ நினைவுக் கட்டுரைகளும் இதைத்தான் செய்கின்றன. வெளிப்பெட்டி மட்டும் ரேடியோ. உள்ளே இருப்பது எழுதுபவரின் சோகம். ரேடியோவுக்கென்று ஒரு சொல்கூட அதில் இல்லை.

இது வெறும் ரசனைச் சண்டை இல்லை. அந்த லாரிக்காரரின் செட்டை என்னால் படிக்க முடிந்ததற்குக் காரணம் என் மூளை அல்ல, ஒரு காகிதம். இண்டியானாபோலிஸைச் சேர்ந்த ஹோவர்ட் டபிள்யூ. சாம்ஸ் நிறுவனம் 1946 முதல் ‘ஃபோட்டோஃபேக்ட்’ என்ற பெயரில் ரேடியோ, தொலைக்காட்சிகளின் சர்க்யூட் படங்களை வெளியிட்டது. சிபிக்கென்றே தனி வரிசை வந்தது. எந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும், எந்தப் பாகத்துக்குப் பதில் எதைப் போடலாம், எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். இன்று உங்கள் கையில் இருக்கும் போனுக்கு அப்படி ஒரு காகிதத்தைக் கேட்டுப் பாருங்கள்.

“ஆபத்து, அதனால்தான் தருவதில்லை” என்பார்கள். ஆபத்து நிஜம்தான். வால்வு வைத்த பேஸ் ஸ்டேஷன்களுக்குள் சில நூறு வோல்ட் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர் அதைப் பிடித்து வைத்திருக்கும், கொல்லும். அன்றைய அரசு அதைவிடப் பெரிய கவலையையும் பார்த்தது: தவறாகத் திருத்திய டிரான்ஸ்மிட்டர் வானலையைக் கெடுக்கும். அதற்கு என்ன செய்தார்கள்? டிரான்ஸ்மிட்டர் பகுதியில் கைவைக்கத் தேர்வு எழுதி எஃப்சிசியின் ரேடியோடெலிபோன் உரிமம் வாங்கியிருக்க வேண்டும் என்றார்கள். படத்தை ஒளித்து வைக்கவில்லை. கைக்குப் பொறுப்பு கேட்டார்கள், கண்ணைக் கட்டவில்லை. இன்று தலைகீழ். படமும் கிடையாது, மூடியில் பசை, மாற்றிய பாகத்தை ஏற்க மறுக்கும் மென்பொருள் பூட்டு.

“இன்றைய சிப்பை யாரால் சரிசெய்ய முடியும்?” என்பது அடுத்த வாதம். சிப்பைச் சரிசெய்ய யாரும் கேட்கவில்லை. பேட்டரி, சார்ஜ் ஏற்றும் துளை, சுவிட்ச், விரிசல்விட்ட ஈயம், பவர் சப்ளை: இவை 1975-இலும் பழுதாயின, இன்றும் பழுதாகின்றன. சிப்பின் நுட்பத்தைக் காட்டி ஐந்து ரூபாய்ப் பாகத்தைப் பூட்டி வைப்பதைத்தான் கேள்வி கேட்கிறோம். இப்படிக் கேட்டவர்களால்தான் நியூயார்க்கில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் கையெழுத்தானது. கலிஃபோர்னியாவிலும் மின்னசோட்டாவிலும் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2024-இல் ஆரிகன் மாநிலம் பாகங்களை மென்பொருளால் பூட்டுவதற்கே எதிராகச் சட்டம் போட்டது. இந்தியாவிலும் 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை இதற்கென ஒரு குழு அமைத்தது. ஏக்கக் கட்டுரை எழுதி யாரும் இதை வாங்கவில்லை. திறக்கப் பார்த்து, பூட்டைக் கண்டு, கோபப்பட்டவர்கள் வாங்கினார்கள்.

இங்கே நமக்கென்று ஒரு கூச்சமும் இருக்கிறது. ‘மெக்கானிக்’ என்பதை நாம் ஒரு படி கீழாகத்தான் சொல்கிறோம். “படிச்சிட்டு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கவா?” என்று கேட்காத வீடு குறைவு. கவிதையின் ஒரு வரிக்கு மூன்று வாசிப்பு சொல்பவர், தன் வீட்டு மிக்ஸி நின்றுபோனால் ‘எனக்கு இதெல்லாம் வராது’ என்பதைப் பெருமையாகச் சொல்வார். வராது என்பது பெருமையா? நான்கு செத்த சேனல்களிலிருந்து ஒரு விரிசலுக்குப் போகும் வழி, எந்த நல்ல விமர்சனத்தையும் போல அறிவுள்ள வழிதான். அதைக் கைவேலை என்று தள்ளிவைத்தால் இழப்பு நம்முடையது.

ஆகவே அடுத்த முறை வீட்டில் ஏதாவது நின்றுபோனால், பேட்டரியில் ஓடும் சின்னப் பொருளிலிருந்தே தொடங்குங்கள். வீட்டு மின்சாரத்தில் ஓடுவதைத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள். எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு திறங்கள். திறக்க முடியாதபடி ஒட்டியிருந்தால், ஒட்டியது யார் என்று கேளுங்கள். பழைய ரேடியோவைப் பற்றி எழுதுவது அதற்குப் பிறகு இருக்கட்டும். எழுதும்போது, அது ஏன் நின்றது என்று ஒரு வரியாவது அதில் இருக்கட்டும்.