அளக்கப்படாத மூச்சு

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறும் நகரவாசிகள், 'ஆகா, தூய காற்று!' என்று வியக்கின்றனர். அவ்வியப்பை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை. சாலையோரக் காற்று தூயதாக இருக்கலாம். விறகடுப்பின் முன் குனிந்திருக்கும் மலைவாழ் தாயின் மூச்சுக்கு அது சான்றாகாது.

2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள், தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே. நுரையீரலின் ஆழம்வரை சென்று குருதியிலும் கலக்க வல்லது. 2021இல் உலக நலவாழ்வு நிறுவனம் அதன் ஆண்டுச் சராசரி வரம்பைக் கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. நம் நாடு 2009இல் வகுத்த வரம்போ 40! 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டமும் நகரங்களையே இலக்காகக் கொண்டது.

'சிற்றூரில் ஏது மாசு?' என்பார்க்கு விடை முன்பே உண்டு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் தமிழகச் சிற்றூர் வீடுகளில் அளந்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், விறகால் சமைப்போர் எரிவாயுவால் சமைப்போரைவிட மிகுதியான துகள்களைச் சுவாசிப்பது புலனாயிற்று. துணைக்கோள் மதிப்பீடும் கூரைக்குள் நுழைவதில்லை.

அளக்காமல் விட்டதைத் 'தூய்மை' எனல் அறிவியலன்று, அலட்சியம். 2016 முதல் வழங்கப்பட்ட இலவச எரிவாயு இணைப்புகளை எண்ணினால் மட்டும் போதுமா? உருளை தீர்ந்தபின் எரிவது எது என்று கேட்க வேண்டாமா? கருவிகள் நகரச் சந்திகளில் நிற்கட்டும். மலைக்குடிலின் அடுப்பருகிலும் அமரட்டும். கணக்கில் வராதவர்க்குத் திட்டத்திலும் இடமிராது.