ஓய்வுக்குப் பின் சீருடை வேண்டாம், பதக்கம் போதும்

குடியரசு தினம், கார்கில் வெற்றி நாள், ஜனவரி 14இல் வரும் முன்னாள் படைவீரர் நாள் போன்ற விழாக்களுக்கு, ஓய்வுபெற்ற ராணுவத்தினர் பணிக்காலச் சீருடையிலேயே வரலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. வரக் கூடாது என்பது என் கருத்து. ஆனால் வாழ்வின் நல்ல பகுதியைப் பனிமலையிலும் பாலைவனத்திலும் கழித்த ஒருவரிடம் ‘இதைக் கழற்றி வையுங்கள்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட யாருக்கும் உரிமையில்லை. அவருக்குரிய மரியாதைக்கு வேறு வழி காட்டியாக வேண்டும். அந்த வழி இருக்கிறது. நாம்தான் அதைப் பொருட்படுத்துவதில்லை.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடலாம். படைவீரர் அல்லாத ஒருவர், தன்னைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு அத்தகைய உடை அணிந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆவது பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறையோ 2,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம். ஏமாற்றும் நோக்கம் இருந்தால்தான் குற்றம் என்பதால், ஓய்வுபெற்றவர் என்று ஊருக்கே தெரிந்த ஒருவரை இந்தப் பிரிவைக் காட்டி மிரட்டுவது நியாயமாகாது. என் காரணம் வேறு. பணியில் இருப்பவர் 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். அவர் கட்சிக் கூட்டத்துக்குப் போக முடியாது. நினைத்ததையெல்லாம் பத்திரிகையில் எழுத முடியாது. தவறினால் கேட்க மேலதிகாரியும் ராணுவ நீதிமன்றமும் உண்டு. சீருடையைக் கண்டதும் மக்களுக்கு வரும் நம்பிக்கைக்கு வேர் இந்தக் கட்டுப்பாடுதான். ஓய்வுபெற்றதும் இந்தத் தளைகள் விலகுகின்றன. அவர் கட்சியில் சேரலாம், தேர்தலில் நிற்கலாம், அரசைக் கண்டிக்கலாம். அது குடிமகனாக அவருக்குள்ள முழு உரிமை. அந்த உரிமையைச் சீருடையில் நின்று பயன்படுத்தினால், பேசுவது அவரா ராணுவமா என்று பார்ப்பவர்களுக்குப் புரியாது. படைவீரர்களின் படங்களைப் பிரசாரத்தில் பயன்படுத்தாதீர்கள் என்று தேர்தல் ஆணையம் 2013இல் கட்சிகளுக்குச் சொன்னது. 2019 மார்ச்சில் அதையே மீண்டும் நினைவூட்ட வேண்டியிருந்தது. படத்துக்கே இவ்வளவு எச்சரிக்கை தேவைப்படும்போது, சீருடையோடு ஒருவர் மேடையேறுவதை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. விழா மேடைக்கும் அரசியல் மேடைக்கும் நம் ஊர்களில் இடைவெளி அதிகமில்லை.

சீருடை நிறுவனத்தின் சொத்து. அதை நிறுவனம் விரும்பியபோது மாற்றும். 2022 ஜனவரி 15 அன்று ராணுவ தின அணிவகுப்பில் புதிய வடிவப் போர்ச் சீருடை அறிமுகமானது. 2023 ஆகஸ்ட் 1 முதல் பிரிகேடியரும் அதற்கு மேற்பட்ட அதிகாரிகளும் ரெஜிமென்ட் வேறுபாடில்லாத பொதுச் சீருடைக்கு மாறினார்கள். அதற்கு முன் ஓய்வுபெற்ற பிரிகேடியர் விழாவுக்கு எதை அணிவார்? பழையது இன்று நடைமுறையில் இல்லை. புதியதை அவர் பணியில் அணிந்ததே இல்லை. பதக்கத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. 1971 போருக்காகப் பெற்ற பதக்கம் இன்றும் அதே பதக்கம்தான், அதே மனிதருடையதுதான். ஃபீல்ட் மார்ஷல்கள் விதிவிலக்கு என்று தோன்றலாம். அந்தத் தகுதிக்கு ஓய்வே கிடையாது. 1973இல் அதைப் பெற்ற மானெக் ஷா, 2008இல் வெலிங்டனில் மறையும்வரை பணியில் உள்ளவராகவே கருதப்பட்டார். பணி தொடர்வதால் சீருடையும் தொடர்கிறது.

அமெரிக்காவில் அனுமதிக்கிறார்களே என்று கேட்பார்கள். உண்மைதான். அந்நாட்டுச் சட்டம் ஓய்வுபெற்ற அதிகாரி தன் பதவிக்குரிய சீருடையை அணிய இடம் தருகிறது. ராணுவ இறுதிச் சடங்கு, நினைவுக் கூட்டம், திருமணம், தேசிய விடுமுறை நாள் அணிவகுப்பு என்று விதிகள் தருணங்களைச் சொல்கின்றன. அரசியல் நடவடிக்கைக்கும் வணிகத்துக்கும் அணிவதைத் தடுக்கின்றன. அனுமதித்த நாடே இத்தனை வேலி போட வேண்டியிருக்கிறது. பிரிட்டனின் வழக்கம் எனக்கு மேலானதாகப் படுகிறது. நவம்பரில் லண்டன் செனோடாஃப் நினைவிடத்தைக் கடந்து அணிவகுக்கும் ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்கள் சாதாரணக் கோட்டு, ரெஜிமென்டின் பெரெட் தொப்பி, நெஞ்சில் பதக்கங்கள் என்றுதான் வருகிறார்கள். 2022 செப்டம்பர் 19இல் எலிசபெத் அரசியின் இறுதிச் சடங்கில், ஆப்கானிஸ்தானில் இருமுறை பணியாற்றிய இளவரசர் ஹாரியும் பதக்கங்கள் குத்திய கோட்டில்தான் நடந்தார். அவர் அரச குடும்பப் பொறுப்புகளைத் துறந்திருந்ததுதான் அதற்குக் காரணம் என்பதும், பலருக்கு அது வருத்தம் தந்தது என்பதும் உண்மை. ஆனால் அவர் போருக்குப் போனவர் என்பதை அந்தக் கோட்டு மறைக்கவில்லை.

எனக்குக் கனமாகப் படும் எதிர்வாதம் வேறொன்று. பெயருக்குப் பின்னால் ‘ஓய்வு’ என்று போட்டுக் கர்னலாகவே அறியப்படும் அதிகாரிக்குக் கோட்டு போதும். நாற்பது வயதுக்குள் ஊர் திரும்பி, ஏ.டி.எம். வாசலில் காவலாளியாக நிற்கும் ஹவில்தாருக்குச் சீருடையை விட்டால் என்ன அடையாளம் இருக்கிறது? அவர் நெஞ்சில் உள்ள பதக்கம் சியாச்சினுக்கானதா, கார்கிலுக்கானதா என்று கூட்டத்தில் யாருக்குத் தெரியும்? இந்த ஆதங்கம் நியாயமானது. ஆனால் பதக்கத்தைப் படிக்கத் தெரியாதது நம்முடைய அறியாமை. அதைப் போக்கும் கடமையும் நம்முடையதே. அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நான்கே ஆண்டுகளில், இருபதுகளின் தொடக்கத்தில் வெளியே வரப்போகிறார்கள். ஓய்வுக்குப் பின் சீருடை உண்டா இல்லையா என்பது இன்று தெளிவுபடாவிட்டால், நாளை அந்த இளைஞர்களிடம் எந்த அளவுகோலைச் சொல்வோம்?

மாவட்டங்களில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. ஆட்சியர் கொடியேற்றும் விழாவுக்கு யார் வருகிறார்கள், யாருக்கு என்ன பதக்கம், அது எந்தக் களத்துக்கானது என்ற குறிப்பை அந்த அலுவலகம் தயாரித்துக் கொடுக்கலாம். ஊருக்கே ராணுவப்பேட்டை என்று பெயர் வந்துவிட்ட வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையில் பள்ளி விழாவுக்கும் இதையே செய்யலாம். முன்வரிசையில் இருக்கை ஒதுக்கி, பிளேசரும் பெரெட்டுமாக அவர்கள் வந்து அமர்ந்ததும் அந்தக் குறிப்பை ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி வாசிக்க வேண்டும். அமைச்சரின் உரைக்கு முன்பாகவே வாசிக்க வேண்டும்.