என் தலை, என் விருப்பமா?

"என் தலை, என் விருப்பம், இதில் அரசுக்கு என்ன வேலை?" என்று நம் பங்கு இளைஞர் ஒருவர் நம்மிடம் வினவினார். வினா அற்பமானதன்று. மக்கள் நலனைச் சொல்லியே மக்கள் உரிமையைப் பறித்த அரசுகளை உலகம் கண்டிருக்கிறது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, இருசக்கர வாகனத்தில் செல்வோர் தலைக்கவசம் அணிய வேண்டுமெனப் பணிக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், மீறுவோருக்கு 1,000 ரூபாய் அபராதமும் மூன்று மாத உரிமத் தடையும் விதித்தது. ஆயினும் அதே பிரிவு, தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு விலக்களிக்கிறது. மனச்சான்றின் வாயிலில் சட்டம் நின்றுவிடுகிறது, அதுவே முறை.

தலைக்கவசத்தை வீட்டிலேயே விட்டுச் செல்லும் நம்மவரைத் தடுப்பது மனச்சான்றா, சோம்பலா? தலையில் அடிபட்டுப் படுத்தவனை ஆண்டுக்கணக்கில் தூக்கி உட்கார வைத்து உணவூட்டுவோர் அவன் தாயும் மனைவியுமே. அவன் விருப்பத்தின் சுமையை அவர்கள் சுமக்கின்றனர். அவ்வில்லங்களுக்கு நற்கருணை எடுத்துச் செல்லும் நாம் இதனை அறிவோம்.

சட்டம் எல்லை மீறுமாயின் தட்டிக்கேட்போம். இச்சட்டம் மீறவில்லை. எனினும், அபராதத்துக்கு அஞ்சி அணிவதினும், வீட்டில் விழித்திருப்போரை எண்ணி அணிவதே மேல்.