சூடு ஆறட்டும், தம்பி!

கம்பத்தில் எங்கள் பன்னீர் திராட்சைப் பந்தலுக்கடியில் பெட்ரோல் மிஷின் வைத்துத்தான் புல் வெட்டுகிறோம். போன மாதம், ஓடிய சூடு ஆறுமுன்பே கொழுந்தனார் பெட்ரோல் ஊற்றப் போனார். சைலன்சரில் நாலு சொட்டு சிந்தியதுதான் தாமதம், குப்பென்று பற்றிக்கொண்டது! நான் குடத்தைத் தூக்க, "ஏத்தா, தண்ணி ஊத்தாத! மண்ணள்ளிப் போடு!" என்று கத்தினார் மாமியார். அவர் சொன்னதே சரி. பெட்ரோல் தண்ணீர்மேல் மிதந்து தீயைப் பரப்பிவிடும். கை முடி கருகியதோடு தப்பித்தார் தம்பி.

இப்போதெல்லாம் பத்து நிமிஷமாவது ஆறவிட்டு, வெட்டவெளியில், புனல் வைத்துத்தான் ஊற்றுகிறார். பிளேடைத் துடைக்குமுன் ஸ்பார்க் பிளக் கேப்பையும் கழற்றிவிடுகிறார். கேன் மட்டும் அடுப்படி மூலையிலேயே கிடந்தது! பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், சகோதரிகளே; தரையோடு தவழ்ந்து அடுப்பைத் தேடி வரும். நானே அதைத் தூக்கிக்கொண்டுபோய், மாட்டுக்கொட்டகைக்கு அப்பால் காற்றோட்டமான அறையில் வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில்.